நூற்று முப்பத்தாறு அங்குலம்

“மொதல்ல எறங்குங்கக்கா. உக்காந்துக்கிட்டே பேசினா எப்படி? குனிஞ்சு பாத்தாத்தானே ட்ராக்கோட நீளம் தெரியும்?”

“இறங்கமாட்டன் தம்பி. நூற்று முப்பத்தாறு இஞ்ச். பாக்காமலே தெரியும்.”

மகேசனுக்குச் சுருக்கென்றது. ஆக்லாந்தின் ஹென்டர்சனில் புல்வெட்டியும் படகு எஞ்சினும் விற்கும் அந்தக் கடையில் பனிவண்டி அவனுடைய பொறுப்பு. அந்த ஊரில் பனி கொட்டுவதில்லை. தெற்கே மலைக்குப் போகிறவர்கள் வந்து வாங்கினால்தான் உண்டு. அந்தத் தொண்ணூற்றேழாம் வருடக் குளிர்காலத்துக்கு வந்திறங்கிய நான்கு வண்டிகளில் மூன்றுக்கு, அடியில் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையான ட்ராக் நூற்று இருபத்தொரு அங்குலம். ஒன்றே ஒன்றுதான் நீளம். பின்னறையில் ஏதோ தேடிவிட்டு அவன் வெளியே வந்தபோது, அந்த ஒன்றின் மேல்தான் இவள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். ஊர் யாழ்ப்பாணம், வீடு கிளென் ஈடன், பெயர் ரதிதேவி என்றாள். இதை வாங்காமல் போகப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டாள்.

“சொன்னா கேளுங்கக்கா, இது ஒங்களுக்கு வேணாம். சின்ன ட்ராக் நெனச்ச பக்கம் திரும்பும். எடையும் கம்மி. மலையில பொதைஞ்சுட்டா எறங்கி, பின்னால கம்பியப் புடிச்சு ஒரு தூக்கு, ஒரு தள்ளு. முடிஞ்சுச்சுலா!”

“நான் இறங்கித் தள்ளுற ஆள் இல்லை.”

“அப்ப யாரு தள்ளுவா?”

“ஒருத்தரும் தள்ளத் தேவையில்லாத வண்டியைத்தானே கேக்கிறன்.”

ஆறு வருடமாக வண்டி விற்கிறவனிடம் இப்படி ஒருவரும் எதிர்த்துப் பேசியதில்லை.

“நீங்க மலையில முன்னப்பின்ன ஓட்டியிருக்கீங்களா?”

“போன வருசம், தெரிஞ்ச ஒராளின்ர பண்ணை மலையில. நீங்க சொல்லுற அதே கட்டை ட்ராக்தான். நல்ல ஆழமான பனியில புதைஞ்சு தாண்டுபோச்சு. ரெண்டு மணித்தியாலம் அதுக்கு மேலயே இருந்தன்.”

“எறங்கித் தோண்டிப் பாக்கலியா?”

“இல்லை. ஆக்கள் வருமட்டும் இருந்தன்.”

கூப்பிட்ட குரலுக்கு நாலு வேலைக்காரர்கள் ஓடிவரும் வீட்டில் வளர்ந்தவள் போலிருக்கிறது என்று மகேசன் மனதுக்குள் கறுவினான். குளிரில் விறைத்தாலும் விறைப்பாளாம், உடம்பை வளைக்கமாட்டாளாம்!

அந்த நேரம் பார்த்து முதலாளி நவரத்தினம் உள்ளே நுழைந்தார். எழுபது வயது, ஓய்வுபெற்ற பொறியாளர், கோயில் கமிட்டித் தலைவர். மேற்கு ஆக்லாந்தில் எந்தத் தமிழ் வீட்டுக்கு அவர் போனாலும் சாப்பாட்டில் கை வைத்தவர்கள்கூட எழுந்துவிடுவார்கள். ட்ராக்கின் பக்கத்தில் குந்தியிருந்த மகேசன் துள்ளி எழுந்தான்.

ரதிதேவி கைகூப்பினாள். “வணக்கம் ஐயா” என்றாள். எழுந்திருக்கவில்லை.

கிழவரின் முகம் இருண்டது. “பெரியாக்களைக் கண்டால் எழும்புற பழக்கம் உம்மட வீட்டில இல்லையோ பிள்ளை?”

“இருந்தது ஐயா. இந்த வண்டியைத் தருவியளோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ.”

மகேசனுக்கு உள்ளங்கால்வரை எரிந்தது. பெரியவர் மட்டும் நிதானமாக, “ஏன் நீளம் கேக்கிறீர்?” என்றார்.

“பாரம் பரவுமே ஐயா. புதுப் பனியில தாழாமல் போகும், ஏத்தத்தில பிடி விடாது. கட்டை ட்ராக் சுத்திச் சுத்தித் தனக்குத் தானே கிடங்கு வெட்டும். நீளம் எண்டால் திரும்புறது கொஞ்சம் பிந்தும், உண்மை. பிந்தட்டும். இந்தத் தம்பி நல்லாத்தான் விக்கிறார், ஆனால் மலையைக் கண்டதில்லை போல கிடக்கு.”

மகேசனின் காது சிவந்தது. அவன் பனியைப் பார்த்ததெல்லாம் கம்பெனி அனுப்பிய கையேட்டில்தான்.

“சொல்லுற விசயம் சரி. மரியாதைதான் துண்டற இல்லை” என்றார் நவரத்தினம். “எனக்கு வழக்கு வேண்டாம். அதையே குடு மகேசன்.” விறுவிறுவென்று தன் அறைக்குப் போய்விட்டார்.

மகேசன் படிவத்தைக் கவுண்டரில் பொத்தென்று போட்டான். “வாங்க, வந்து கையெழுத்துப் போடுங்க.”

“இங்க கொண்டுவாங்கோ தம்பி.”

“நாலு அடி நடந்து வரக்கூடாதா? எவ்ளோ திமிருக்கா ஒங்களுக்கு!”

வாய் முந்திக்கொண்டது. வேலைக்கே உலை வைத்துவிட்டோமோ என்று அவன் நடுங்க, ரதிதேவியோ முகமெல்லாம் மலரச் சிரித்தாள். அவன் படிவத்தைக் கொண்டுபோய் நீட்டினான். அவள் வண்டியின் கைப்பிடிமேல் அதை வைத்து, அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள்.

“வாங்கியாச்சுல்ல? இப்பவாச்சும் எறங்குங்க. ட்ரெய்லர்ல ஏத்தணும்.”

கடைக் கதவு திறந்தது. “ரதி, இந்தக் கடையிலயாவது ஆரும் உம்மோட சண்டை பிடிச்சவையோ?” என்று கேட்டபடி அவள் கணவன் சோதிலிங்கம், அதுவரை வேனில் ஒளித்து வைத்திருந்த சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“ஓமப்பா, நல்ல சண்டை! திமிர் பிடிச்சவள் எண்டுகூடச் சொன்னவர்” என்றாள் ரதிதேவி பெருமையாக. “மற்ற ரெண்டு கடையிலயும் இந்தக் கதிரையைக் கண்டதும், எத்தினை இஞ்ச் எண்டுகூடக் கேக்காமல், பாவம் எண்டு வாசல்வரைக்கும் கொண்டுவந்து விட்டவங்கள்.”