மூடிய குழிகள்

"இத்தனை வருஷம் கூடவே இருந்துட்டு முதுகுல குத்திட்டியேடா!"

பப் மேசையில் நெவில் ஓங்கி அடித்ததில் கீத்தின் பியர் தளும்பியது.

அரசு அனுமதி இல்லாமல் வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு யாரும் இறங்கக் கூடாது என்று சட்டம் வரப்போகிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், மண்ணுக்கடியில் பழங்காசு தேடுபவர்களான அவர்கள் சங்கமே அதை எதிர்த்துக் கொதித்துக்கொண்டிருக்க, செயலாளரான கீத்தே விசாரணைக் குழுவின் முன்னால் போய், 'இந்தச் சட்டம் வேண்டும்' என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"பழைய மடத்து வயல்ல எவனோ திருட்டுத்தனமா தோண்டியிருக்கான், நெவில்."

"எவனோ வெளியூர்த் திருடன் தோண்டினா, நாம ஏன்டா சாகணும்?"

"நானும் வெளியூர்க்காரன்னுதான் நெனச்சேன். போய்ப் பாத்தா, ஒரு குழிகூடத் திறந்து கிடக்கல."

"அதனால?"

"திருடன் தோண்டிப் போட்டுட்டு ஓடிருவான். இவன் மண்ணைத் தள்ளி, வெட்டின புல்லை அப்படியே மேல வச்சு, மிதிச்சு மூடியிருக்கான். அது நம்ம சங்கத்துப் பழக்கம்டா."

கீத் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எல்லாக் குழி மேலயும் இடது பூட்ஸ் தடம் மட்டும்தான். வலது முட்டி மடங்காதவன் சங்கத்துல ஒருத்தன்தானே இருக்கான்? அவன் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரல. சட்டம் வேணும்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்."

நீட்டியிருந்த வலது காலை மேசைக்கடியில் இழுத்துக்கொள்ளப் பார்த்தான் நெவில்.

அது மடங்கவில்லை.