ஆற்றுத்துறையில் ஒரு பல்லக்கு

"பல்லக்குல உக்காந்துக்கிட்டே ஒருத்தன் போர் பண்ணுவானாம். அதை ஜனம் டிக்கெட் வாங்கிப் பாக்குமாம். உனக்கு யாரு பாப்பா இந்த யோசனையைக் கொடுத்தது?"

மேஜை மேல் பரப்பியிருந்த தாள்களை ஒதுக்கி, டீ டம்ளர்களை வைத்தாள் மகள். திரைக்கதை எழுதுகிறவள் அவள். எதிரே உட்கார்ந்திருந்தவர் படத்தின் இயக்குநர். கேள்வி கேட்டவர் அவளுடைய அப்பா. ஒரு காலத்தில் பெரிய பெரிய ஹீரோக்களுக்கு டூப் போட்டவர். ஹீரோ குதிரையிலிருந்து விழ வேண்டும் என்றால், அவருடைய உடையை மாட்டிக்கொண்டு இவர்தான் விழுவார்.

"அதிகம் பேருக்குத் தெரியாத போரா ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கோம் மாஸ்டர்," என்றார் இயக்குநர். "உங்க பொண்ணு மூணு போர் தேடி வச்சிருக்காங்க. எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"இதுல சொல்ல என்ன இருக்கு? கோட்டைப் போர் வேண்டாம். ஏணி சாத்தி மதில் ஏறுறதைப் பாத்துப் பாத்து ஜனத்துக்கே சலிச்சுப் போச்சு. கணவாய்ப் போரை எடுங்க. மலைச்சரிவுல நூத்துக்கணக்குல குதிரை இறங்குது. தியேட்டரே அதிரும்!"

"நான் ஆத்துத்துறைப் போர்னு சொல்றேன்ப்பா."

"சரித்திரப் புத்தகத்துலயே அதுக்கு ரெண்டு வரிதான்ங்கறே. அந்தப் பக்கம் கடல் மாதிரி படை. இந்தப் பக்கம் கையில எண்ணுற அளவு ஆளுங்க. ஊர் ஜனம் மலையேறித் தப்பிக்கிற வரைக்கும் துறையை விட்டுக் கொடுக்கலை. எல்லாம் சரி. தளபதி ஏன் பல்லக்குல வர்றான்?"

"ஏன்னு யாரும் எழுதி வைக்கலைப்பா."

"நான் சொல்றேன். தொப்பை! குதிரை 'மாட்டேன்'னு சொல்லியிருக்கும்."

இயக்குநர் குலுங்கிச் சிரித்தார். மகளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை.

"நீங்க குதிரைப் பைத்தியம். அதான் இப்படிப் பேசறீங்க."

"ஆமா. குதிரையிலேருந்து விழுந்தே வீடு கட்டினவன்டி நான். எத்தனை ராஜாவுக்காகச் செத்திருக்கேன்! தம்பி, இவ சின்னப் பிள்ளையா இருக்கறப்ப தியேட்டர்ல எழுந்து நின்னு, 'அதோ எங்கப்பா முதுகு'ன்னு கத்துவா. பக்கத்துல இருக்கறவங்கல்லாம் திரும்பிப் பாப்பாங்க. இவங்கம்மா தலையைக் குனிஞ்சுக்குவா."

"போதும்ப்பா," என்ற மகளின் காது சிவந்துவிட்டது. பேச்சை மாற்ற ஒரு தாளை எடுத்தாள். "ஒரு இடம் மட்டும் படிக்கறேன். எதிரிப் படை ஆத்துல இறங்குது. தளபதி வாளை உயர்த்திக் கர்ஜிக்கிறான்: 'வீரர்களே, உயிர் போனாலும்...'"

"நிறுத்து, நிறுத்து. இது என்ன கத்தல்? கூட நிக்கறவன் யாரு? நேத்து வரைக்கும் ஏர் ஓட்டினவன், வலை வீசினவன். ஏற்கெனவே கை கால் உதறுது. இவன் வேற கத்தினா அவன் என்ன ஆவான்?"

"அப்ப எப்படிச் சொல்வான்?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். முதுகு நிமிர்ந்தது. எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே சுவர் இல்லாததுபோல, அதற்கும் அப்பால் எதையோ பார்த்தார். பிறகு பக்கத்தில் நிற்கும் யாரிடமோ சொல்வதுபோல, தணிந்த குரலில் சொன்னார்.

"பல்லக்கைக் கீழ இறக்குங்கப்பா. தூக்கிட்டு வந்தவங்கல்லாம் வீட்டுக்குப் போங்க. புள்ளைகுட்டி காத்துக்கிட்டிருக்கும். நான் இங்கேயேதான் இருக்கப் போறேன்."

இயக்குநரின் டீ ஆடை கட்டிக் கிடந்தது. அவர் கண்ணெடுக்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படிச் சொல்லிட்டா அப்புறம் எவன் போவான்?" அப்பாவின் குரல் பழையபடி ஆனது; ஆனால் கிண்டல் போய்விட்டிருந்தது. "அட, தொப்பையெல்லாம் இல்லை பாப்பா. இவன் வேற ஆளு. கணவாயைத் தூக்கிப் போடுங்க, இதையே எடுங்க. ஒண்ணே ஒண்ணு தம்பி. இந்த வேஷத்துக்குப் பெரிய நடிகன் எவனையும் கூட்டிட்டு வந்துடாதீங்க. ரெண்டாவது நாளே எழுந்து நின்னு வாள் சுத்தணும்னு அடம் பிடிப்பான்."

இயக்குநர் மகளைப் பார்த்தார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"மாஸ்டர், எந்தப் போர்னு நாங்க முன்னாடியே முடிவு பண்ணியாச்சு. இன்னிக்கு நான் வந்தது தளபதியைப் பாக்க."

அப்பா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "யாரு? வெளியில நிக்கறாரா? உள்ள கூப்பிடுங்க."

"உள்ளதான் இருக்கார். இப்ப அவர் சொன்ன வசனத்தை அப்படியே வச்சுக்கலாமான்னு அவரைத்தான் கேக்கணும்."

அப்பாவுக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. விளங்கியதும் வாய் திறந்தபடியே இருந்தது. மகள் பக்கம் திரும்பினார். "என்ன பாப்பா இது? நான் போய்... என்னால எப்படி..."

"தேடாத புத்தகம் இல்லைப்பா. எல்லாப் போர்லயும் தளபதி குதிரையேறித்தான் ஆகணும். இது ஒண்ணுலதான் கடைசி வரைக்கும் எழுந்திருக்கவே வேண்டாம்," என்ற மகள், கடைசிக் குதிரையிலிருந்து விழுந்த நாள் முதல் அப்பாவுக்குக் கால்களாக இருக்கும் சக்கர நாற்காலியின் பின்னால் போய் நின்று, அவர் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள்.