பட்டாணிக்கு ஒரு துணை

"கூடையை இங்கே திறக்காதீங்கோப்பா. பட்டாணி முதல்ல பார்க்கக் கூடாது" என்றாள் மஹதி.

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஸ்ரீனிவாசராகவன் அப்படியே நின்றார். ஞாயிற்றுக்கிழமை, காலை மணி ஒன்பதேகால். கையில் மூடி போட்ட பிரம்புக் கூடை. உள்ளே ஏதோ கீறிக்கொண்டிருந்தது.

"மயிலாப்பூர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காதே. இன்னொரு கினி பிக் உங்களுக்கு எங்கே கிடைச்சது?" என்று கேட்டுக்கொண்டே நீரஜா சமையலறையிலிருந்து வந்தாள்.

"ஆபீஸ்ல தங்கவேல் இருக்கானோல்லியோ, வேளச்சேரி. கோழி, முயல்னு வீடு நிறைய வச்சிருக்கான். கேட்டேன், குடுத்தான்."

ஒன்பது நாளைக்கு முன் மஹதி எழுந்து பார்த்தபோது கூண்டில் பட்டாணி மட்டும்தான் இருந்தது. "சுட்டி போயிடுத்தும்மா. நீ பார்த்தா தாங்க மாட்டேன்னு நானே புதைச்சுட்டேன்" என்று அப்பா பின்பக்கத்துக் கறிவேப்பிலைச் செடியைக் காட்டினார். உடம்பெல்லாம் பழுப்பு, நெற்றியில் மட்டும் பொட்டு அளவுக்கு வெள்ளை; அதனால் அந்தப் பெண் கினி பிக்குக்குச் சுட்டி என்று பெயர்.

அன்றிலிருந்து பட்டாணி வைக்கோலில் முகத்தைச் செருகிக்கொண்டு கிடந்தது. கொத்தமல்லித் தழையில் இரண்டு கடி, அவ்வளவுதான் ஒரு நாள் சாப்பாடு. துணை கிடைக்காவிட்டால் இந்த வாரம் தாங்காது என்று மிருக டாக்டர் சொல்லிவிட்டார். மஹதி எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவருக்குப் போன் செய்து, என்னென்ன செய்ய வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

"வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ?" என்றாள் நீரஜா. "ரெண்டு இருக்கட்டும், குட்டி கிட்டி போட்டா ஜாகையைக் காலி பண்ணணும்னு போன மாசம்தான் கறாரா சொன்னார்."

"அவர்கிட்ட நான் சொல்லியாச்சு."

"நீங்களா? குழாய்ல தண்ணி வரலைன்னு சொல்லக்கூட என்னைத்தானே அனுப்புவேள்?"

"லெட்டர் எழுதிக் குடுத்துட்டேன்."

"கீழ்ப்போர்ஷன்ல இருக்கறவருக்கு லெட்டரா?"

"ஒண்ணரைப் பக்கம்தான். படிச்சுட்டு சரின்னுட்டார்." செருப்பை மூலையில் தள்ளினார். "முன்னாடியே எழுதியிருக்கலாம்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல்.

குளியலறையை மஹதி அலம்பித் துடைத்து வைத்திருந்தாள். நோட்டைப் பார்த்துப் படித்தாள். "துணை போன ஆண், புதுசாக் கண்டா கடிச்சுக் குதறினாலும் குதறுமாம். அதனால ரெண்டுக்கும் சொந்தமில்லாத இடத்துலதான் சேர்த்து விடணும். பல்லை நறநறன்னு கடிச்சா உடனே துண்டைப் போட்டுப் பிரிக்கணும்."

"அதெல்லாம் கடிக்காது. விடு."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

அவர் கூடையின் மூடியில் கை வைத்தார்.

"என்னன்னா இது, விரலெல்லாம் சிவப்பா?" என்றாள் நீரஜா.

"ஆபீஸ்ல மசி பாட்டில் கவிழ்ந்துடுத்து."

"ஞாயித்துக்கிழமையிலயா?"

"நேத்திக்கு."

"நேத்து ராத்திரி தயிர்சாதம் பிசையறச்சே காணுமே?"

ஸ்ரீனிவாசராகவன் கையை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டார். மஹதிதான் மூடியைத் திறந்தாள். காது முதல் பின்புறம் வரை ஒரே பழுப்பு; ஒரு வெள்ளை முடி கிடையாது. அதை ஒரு மூலையில் விட்டாள். பட்டாணியைத் தூக்கிவந்து எதிர் மூலையில் விட்டாள். இரண்டுக்கும் நடுவில் கொத்தமல்லியை வைத்து, துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பட்டாணி அசையவில்லை. பிறகு மூக்கு மட்டும் துடித்தது. மெதுவாக எழுந்தது. கொத்தமல்லியைத் தாண்டிப் போய், புதியதன் காதருகே முகர்ந்தது. பல்லைக் கடிக்கவில்லை. குர்ர் என்று ஒரு சத்தம், ஒன்பது நாளாகக் கேட்காத சத்தம். அப்படியே அதன் விலாவில் ஒட்டிக்கொண்டு, எட்டி ஒரு தழையை இழுத்துத் தின்ன ஆரம்பித்தது.

"பூர்வ ஜென்ம பந்தம்னா இதுதான் போலிருக்கு" என்றாள் நீரஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்ன பேர் வைக்கப் போறே?"

"யோசிக்கணும்மா."

குக்கர் கூவியது. நீரஜா உள்ளே போனாள்.

மஹதி துண்டை மடித்து வைத்தாள். சோப்பை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தாள்.

"சீக்கிரம் தேய்ச்சு அலம்பிக்கோங்கோப்பா, அம்மா வரதுக்குள்ள. மருதாணி லேசுல போகாது." குரலைத் தணித்தாள். "நெத்தியில வெள்ளை முடி திரும்ப முளைக்கறச்சே நான் தடவிடறேன். நீங்க அவசரத்துல தடவினா சுட்டியோட கண்ணுக்குள்ள போயிடும்."

சோப்பு அவர் கையிலிருந்து நழுவியது. அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கு சாயங்காலமே. அவளுக்குப் பிடிச்ச கேரட்டைக் கூட வைக்கலாம்னு தோண்டினேன். துணியில உருளைக்கிழங்குதான் இருந்தது."

அவர் குனிந்து சோப்பை எடுத்தார்.

"ஒம்பது நாளாடி?" என்றார் அவர். "ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டிருந்தா, நீங்க இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்குமேப்பா."