கீழத் தெருத் தண்ணீர்

மண்சரிவில் கீழத் தெரு முழுதாகப் புதைந்த பிறகு, ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர் அந்தத் தெருவின் வால்வைத் தொடுவதே இல்லை. அவருடைய அக்காவும் அந்த மண்ணில்தான் போய்விட்டாள்.

இன்று காலை ஏதோ நினைப்பில் கை அதைத் திருகிவிட்டது. பதறிப்போய் மூடக் குனிந்தார். கீழே மண்மேட்டுப் பக்கம் குடங்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டது.

"மெதுவாத் தொறடா தம்பி, குடம் சாயுது."

அக்காவின் குரல். வால்வைக் கொஞ்சம் குறைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சற்று நேரத்தில் மேலத் தெருவிலிருந்து ஒருத்தி வந்தாள். அதே சரிவில் கணவனைப் பறிகொடுத்தவள்.

"என்னண்ணே, எங்க குழாயில தண்ணி நூலா வருது?"

"கீழத் தெருவுக்கும் போகுதும்மா."

அவள் மண்மேட்டுப் பக்கம் காது கொடுத்துக் கேட்டாள். குடங்கள் இடிக்கும் சத்தம் அவளுக்கும் கேட்டது.

"அவங்க பிடிச்சு முடிக்கட்டும்ணே," என்றாள். "நாங்க இருக்கறத வச்சு சமாளிச்சுக்கறோம்."