கதவுச் சத்தம்

கோவையில் அப்படி இன்னொரு கார் கிடையாது. அறுபத்தொன்பதாம் வருடத்து அமெரிக்க வண்டி. அதைப் புளியமரத்தில் மோதித்தான் திருமூர்த்தி செத்துப்போனான். நசுங்கிய வண்டியை அவன் அப்பா நாச்சிமுத்து, மெக்கானிக் ஆரோக்கியத்தின் பட்டறையில் கொண்டுவந்து இறக்கினார். "அன்னைக்குக் காலைல எப்படி இருந்துச்சோ அப்படியே வேணுமுங்க" என்றார்.

ஆறு வருடமாயிற்று. சீட்டின் தையலைப் பழைய கணக்குப்படியே எண்ணித் தைத்தாகிவிட்டது. சாவி உரசிய கீறலைக்கூடப் புகைப்படத்தைப் பார்த்துப் போட்டாகிவிட்டது. நாச்சிமுத்து தினமும் காலையில் வந்து டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருவார். இன்று கதவைச் சாத்திவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இந்தச் சத்தம் இல்லீங்களே."

"கதவ மூணு வாட்டி பிரிச்சுப் பூட்டிட்டனுங்க. இதுக்கு மேல செய்ய ஒண்ணுமில்லீங்க. ஓசூர்ல மக கூப்பிடறா, பட்டறைய மூடிட்டுப் போகோணும்."

நாச்சிமுத்து கண்ணாடி வழியே எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

"வேலை முடிஞ்சுட்டா, நாளைக்குக் காலைல நான் எங்கீங்க போறது?"

ஆரோக்கியம் ஸ்பேனரை எடுத்து, கதவில் நேற்று இறுக்கிய போல்ட்டையே கழற்றத் தொடங்கினார்.