ஒரிஜினலில் இல்லாத காட்சி

நாற்பத்தேழாவது நிமிஷத்தில் கதவு கரகரவென்றது. சின்னவள் படத்தை நிறுத்திவிட்டு, எழுந்துபோய்த் தன் அறைக்கதவைத் திறந்து பார்த்தாள். வெளியே ஹாலில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் போனில் பேசிக்கொண்டிருந்தான். கதவுப் பக்கம் யாருமில்லை.

முப்பத்தாறு வயதாகியும் இந்தப் பயம் விடவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. கதவைத் திறந்தே வைத்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தாள். மேஜைமேல் இரண்டு திரைகள். இடது பக்கம் வெளிநாட்டுப் பேய்ப்படம், வலது பக்கம் அண்ணன் எடுத்த ரீமேக்.

அந்த வெளிநாட்டுப் படத்துக்கு சப்டைட்டில் எழுதியவளே அவள்தான். ஒவ்வொரு ஷாட்டும் அத்துபடி. இப்போது உரிமை கொடுத்த கம்பெனிக்காரர்கள், எதையெல்லாம் மாற்றினீர்கள் என்று காட்சிவாரியாகப் பட்டியல் கேட்டிருந்தார்கள். “உன்னை விட்டா எனக்கு யாரும்மா இருக்கா?” என்று அண்ணன் வேலையை அவள் தலையில் கட்டிவிட்டான். அதை வாங்கிப் போகத்தான் இன்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

ஒரிஜினலில் அந்த இடத்தில் ஒன்றுமே நடக்காது. பூட்டிய அறையில் ஒரு சிறுமி, ஒரு நிமிஷ நிசப்தம், அவ்வளவுதான். ரீமேக்கில் அந்த நிசப்தத்தை எடுத்துவிட்டுக் கதவைச் சுரண்டும் சத்தத்தை வைத்திருந்தான். நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு.

அது அவளுடைய சத்தம். பதினோரு வயதில், பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா அப்பா வேலையிலிருந்து திரும்பும்வரை அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு கேட்ட சத்தம். ஒருநாள்கூடக் கதவைத் திறந்து பார்க்கத் தைரியம் வந்ததில்லை. அண்ணன் அந்த நேரம் டியூஷனில் இருப்பான்.

கதவைப் பேய் சுரண்டுகிறது என்று சொன்னபோது அப்பா சிரித்தார், அப்புறம் அடித்தார், கடைசியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். அண்ணன் ஒருத்தன்தான் அவளை நம்பினான். “நீ பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும்” என்பான்.

மாத்திரை ஆரம்பித்த வாரமே சத்தம் நின்றது. அதே வாரம் அண்ணனைப் பத்தாவது பரீட்சைக்குப் படிக்கவென்று ஹாஸ்டலில் சேர்த்தார்கள். மாத்திரையை நிறுத்தினால் பேய் திரும்பி வந்துவிடுமோ என்று பயந்து ஆறு வருஷம் விழுங்கினாள். உடம்பு ஊதிப்போய், வகுப்பில் தூங்கி விழுந்து, ஒரு வருஷம் பின்தங்கிப்போய், ‘லூசு’ என்று பட்டப்பெயரும் வாங்கினாள்.

ஹாலில் அண்ணன் குரல் உயர்ந்தது. “ஆமா சார், அந்தக் கதவு சீன் ஒரிஜினல்ல கிடையாது. முழுக்க நம்ம சொந்தச் சரக்கு!”

சின்னவள் போய் முன்னால் நின்றாள். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல, அண்ணா?”

அவன் போனை அணைத்தான். “நீ பட்டது நாலு பேருக்குத் தெரியட்டும்னுதாம்மா வெச்சேன். ப்ரிவ்யூ ஷோவுல அந்த இடத்துல தியேட்டரே மூச்சு விடல. சரி, தப்புதான். மன்னிச்சிடு.” அவள் தலையில் கை வைத்தான்.

எப்போதும்போல அவள் கரைந்துவிட்டாள். சின்ன வயதிலிருந்து அவன் தலையைத் தொட்டால் போதும். “சரி வா. இந்தக் காட்சியை முடிச்சிட்டு, பாக்கியையும் பார்த்துக் கொடுத்திடறேன்.”

அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்தக் காட்சியின் மீதியை ஓட்டினாள். பார்க்கப் பார்க்கத் தட்டினாள். ‘கேமரா கதவுக்கு வெளியே. தரையோடு தரையாக ஒரு கை. கையில் சீப்பு. கதவின் அடிப்பலகையில் சீப்பின் பற்களை இழுக்கிறது...’

விரல்கள் நின்றன.

இருபத்தைந்து வருஷமாக அதை நகம் என்றுதான் நினைத்திருந்தாள். டாக்டரிடமும் நகம் என்றுதான் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை ஓட்டிக் கேட்டாள். நகம் இப்படிக் கேட்காது. அன்றைக்குக் கேட்டது இதேதான், அச்சு அசல்.

“அண்ணா, நான் உள்ளேதானே இருந்தேன்? எனக்குச் சத்தம் மட்டும்தானே தெரியும்? சீப்புன்னு உனக்கு யாரு சொன்னா?”

“அது... சும்மா, ஒரு கற்பனைதான்...” அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“டியூஷனுக்குப் போகலையா நீ?”

அவன் கையை நீட்டிப் படத்தை நிறுத்தினான். பிறகு, “சின்னப் பசங்கதானே நாம” என்றான். “விளையாட்டாத்தான் ஆரம்பிச்சேன். நீ அலறினதும் நிறுத்தணும்னு தோணல.”

அவளுக்கு அழுகை வரவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஹாலுக்கு ஓடினாள்.

“அம்மா! கேட்டியாம்மா? அது பேயும் இல்ல, எனக்குப் புத்தி கெட்டும் போகல. எல்லாம் இவன் வேலை! ஆறு வருஷம் என்னைப் பைத்தியக்காரியா ஆக்கி, உன்னை, அப்பாவை, நம்ம எல்லாரையும் ஏமாத்தியிருக்கான்!”

அம்மா மடித்த சட்டையை மடிமேல் வைத்துத் தடவினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அவனைத் திட்டாதே கண்ணு. எங்களை அவன் ஏமாத்தல... மாத்திரை ஆரம்பிச்ச வாரமே எங்ககிட்ட சொல்லி அழுதுட்டான்.”