அசையாதே

சேலையூரில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், கேமரா வைத்திருக்கும் நண்பர்கள் அசரியா வீட்டில் கூடி அந்த வாரம் எடுத்த படங்களைக் காட்டிக்கொள்வார்கள். ஜெபராஜ் கொண்டுவரும் படங்களில் அவர் மகள் ரூபி மட்டும் எப்போதும் கலங்கலாக இருப்பாள். "அசையாதே" என்று உட்காரவைத்தாலும், அவர் "போதும்" என்பதற்குள் எழுந்து ஓடிவிடுவாள். காய்ச்சலில் அவள் போனபோது சட்டம் போட்டு மாட்ட ஒரு தெளிவான படம்கூட இல்லை.

அடுத்த வருடம், 1971இல், அசரியா ஒரு சோதனைக்கு ஆசைப்பட்டார். லென்ஸை வெகுநேரம் திறந்து வைத்தால் நடமாடுகிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள். அசையாமல் இருப்பது மட்டும் பதியும். ஒரு சாயங்காலம் இருவரும் தாம்பரம் ஸ்டேஷனில், காலியான பெஞ்சு ஒன்றின் எதிரே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். லென்ஸைத் திறந்தபோது ஜெபராஜ் பழக்கதோஷத்தில் "அசையாதே" என்றார்.

"யாருக்குச் சொல்றீங்க, ஜெபராஜ்?" என்று அசரியா சிரித்தார்.

ஜெபராஜுக்கு வெட்கமாகிவிட்டது. ரயிலைப் பிடிக்க ஒரு கூட்டம் குறுக்கே ஓடியது. சில நிமிஷம் கழித்து, வேறெதுவும் சொல்லாமல் அவர் லென்ஸை மூடினார்.

மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததால், அடுத்த ஞாயிறுதான் பிரிண்ட் போட முடிந்தது. படத்தில் கூட்டம் இல்லை. பெஞ்சில் ரூபி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இமை மயிர்கூடத் தெளிவாக இருந்தது.

ஜெபராஜ் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவி புஷ்பத்திடம் கொடுத்தார். அவள் அழவில்லை. வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

"ஏங்க," என்றாள், "போதும்னு சொல்லிட்டுத்தானே வந்தீங்க?"